காலி செய்யாத ஊர்

அக்கா மகள் இத்தாலியில் கட்டடக் கலை படிக்கிறாள். பழைய கட்டடங்களைப் பழுது பார்த்துக் காப்பது அவள் பாடம். ஒரு தை மாத விடுமுறைக்குத் திருச்சி வந்தவள், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மத்தேரா என்ற ஊரின் படங்களைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் தங்கியிருக்கும் பாரி என்ற துறைமுக நகரிலிருந்து சின்ன ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாமாம். காலையில் போய் மாலையில் திரும்பியிருக்கிறாள். பள்ளத்தாக்கின் சரிவெல்லாம் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த வீடுகள். கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்காரருக்குத் தெரு. பாறைக்குள்ளேயே தேவாலயங்கள், சுவரில் மங்கிய புனிதர்கள்.

"ஆயிரக்கணக்கான வருஷமா ஜனங்க குடியிருந்த இடம் சித்தி. இப்ப பாதி ஹோட்டல். ராத்திரி ஒருத்தர் தூங்கறதுக்கு என்ன வாடகை தெரியுமா?"

நடுவில் நடந்த கதையையும் அவளே சொன்னாள். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் கார்லோ லேவி எழுதிய ஒரு புத்தகம் அந்தக் குகைவீடுகளின் நிலையை நாட்டுக்கே காட்டிவிட்டது. ஒரே அறையில் பெற்றோர், பிள்ளைகள், கழுதை, பன்றி, கோழி. மலேரியா. அரசுக்கு அவமானமாகப் போயிற்று. 1952இல் தனிச் சட்டம் போட்டுச் சுமார் 15,000 பேரை மேட்டில் கட்டிய புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். பல ஆண்டுகள் அந்தக் குகைகள் ஆளில்லாமல் கிடந்தன. 1993இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. 2019இல் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகர் என்ற பட்டமும் வந்தது.

"நம்ம ஊர்ல இந்த மாதிரி குகை ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு மறுநாள் சனிக்கிழமை ராத்திரி சென்னைக்கு ரயில். பகல் முழுக்கக் கையில் இருந்தது. குகையும் காட்டுகிறேன், உன் மத்தியதரைக் கடல்காரர்கள் துணி வாங்கிய ஊரையும் காட்டுகிறேன், கிளம்பு என்றேன்.

*

விடிந்ததும் கிளம்பினோம். முதலில் மலைக்கோட்டைக்கு மேலே ஏறவில்லை. அதன் தெற்கு அடிவாரத்தில், வீடுகளுக்கு நடுவே நெளியும் சந்துகள் வழியாக நடந்தோம். ஒரு வீட்டு வாசலில் பால் பாக்கெட், அடுத்ததில் நனைந்த கோலம், மூன்றாவதில் கொடியில் உலரும் பள்ளிக்கூடச் சீருடை. அதற்கடுத்துத் திடீரென்று பாறையைக் குடைந்த ஒரு மண்டபம்.

கீழ்க் குடைவரை என்பார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் பல்லவர் குகை என்றே வழி காட்டுவார்கள். ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி என்கிறார்கள். கிழக்குக் கோடியிலும் மேற்குக் கோடியிலும் எதிரும் புதிருமாக இரண்டு கருவறைகள், ஒன்று சிவனுக்கு, மற்றது திருமாலுக்கு. நடுவில் பின்சுவரில் பிள்ளையார், முருகன், பிரம்மா, சூரியன், கொற்றவை என ஐவர் வரிசையாக நிற்கிறார்கள். சைவ வைணவச் சண்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு இங்கே வந்து நின்றால், ஒரே கூரைக்குள் இத்தனை பேர் எப்படி ஒத்துப்போனார்கள் என்று தோன்றும்.

அவள் சிற்பங்களை அதிகம் பார்க்கவில்லை. குகையின் வாயிலில் நின்று எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் அங்கே வடகத்துக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு பக்கத்துல வீடு கட்ட விட்டாங்களா?"

"வீடு எப்ப வந்துதுன்னு யாருக்குத் தெரியும்? இந்த மலையைச் சுத்தி ஜனங்க எப்பவுமே இருந்திருக்காங்க."

மாடியிலிருந்த அம்மா எங்களைப் பார்த்து, "பூட்டியிருந்தா பக்கத்து வீட்ல கேளும்மா, சொல்லுவாங்க" என்று குரல் கொடுத்தார். குகை திறந்தேதான் இருந்தது. இருந்தாலும் அந்தக் குரலில் ஒரு வீட்டுக்காரத் தோரணை இருந்ததை அவள் கவனித்துவிட்டாள். மத்தேராவில் இப்படி யாரும் மாடியிலிருந்து பேசவில்லை என்றாள்.

*

மாணிக்க விநாயகர் சந்நிதியில் தேங்காய் உடைக்கும் சத்தத்தோடு படி ஏறத் தொடங்கினோம். உச்சி வரை நானூறுக்கும் மேற்பட்ட படிகள். பாதி வழியில் தாயுமானவர் கோயில். அங்கே ஒரு குடும்பம் முழு வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் சாற்றுவது இந்தக் கோயில் நேர்த்திக்கடன். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிட, பிரசவ வலியில் இருந்த மகளுக்கு ஈசனே அந்தத் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார். மகள் பெயர் ரத்தினாவதி. வணிகர் குலத்துப் பெண். ஆற்றங்கரை ஊரில், வியாபாரத்துக்குப் போக்குவரத்து இருந்த ஊரில்தான் இப்படி ஒரு கதை முளைக்கும்.

தாயுமானவர் கோயிலைத் தாண்டி உச்சிக்குப் போகும் வழியில் இடதுபுறம் மேல் குடைவரை. படி ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதன் பக்கம் திரும்புவதில்லை. திரும்புகிறவர்களும் மூச்சு வாங்கிக்கொள்ளத்தான் அந்த நிழலில் ஒதுங்குவார்கள். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்தது இது. லலிதாங்குரன் என்பது அவன் விருதுப் பெயர்களில் ஒன்று; அதனால் லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று பெயர் வைத்தான். தொண்டை மண்டலத்தில் மண்டகப்பட்டு என்ற இடத்தில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று கல்லில் வெட்டிப் பெருமைப்பட்டவன் அவன். காவிரிக்கரையிலும் அதே வித்தையைக் காட்டியிருக்கிறான்.

மேற்குச் சுவர் முழுவதும் கங்காதரர். சடையில் ஒரு பிரியைக் கையால் விரித்து, மேலிருந்து இறங்கும் கங்கையை வாங்கிக்கொள்கிறார். ஒரு கால் தரையில் ஊன்றியிருக்க, மறுகாலுக்குப் பூதகணம் ஒன்று தாங்கு கொடுக்கிறது. மேலே பறக்கிறவர்கள், கீழே மண்டியிட்டு வணங்குகிறவர்கள். எல்லோர் உடம்பிலும் ஓர் அசைவு இருக்கிறது. சிவன் முகத்தில் மட்டும் அது இல்லை. இந்த முகம் மகேந்திரனுடைய முகமே என்று ஆய்வாளர் மைக்கேல் லாக்வுட் வாதிட்டிருக்கிறார். கல்வெட்டைப் படித்தால் அப்படி நினைக்க இடமிருக்கிறது.

சிற்பத்தின் இருபுறமும் உள்ள தூண்களில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்கள். அவற்றின் சாரத்தை அவளுக்குச் சொன்னேன். சிவனுக்கு ஆறுகள் மேல் ஆசை; ஏற்கெனவே ஒருத்தியைத் தலையில் வைத்திருக்கிறார். சோலைகளை மாலையாக அணிந்த காவிரியைப் பார்த்தால் இவள் மேலும் மனம் போய்விடுமே என்று மலைமகளுக்குக் கவலை. அதனால் அப்பா வீட்டை விட்டுவிட்டு இந்த மலையிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டாள். காவிரி பல்லவனுடைய மனைவி என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"அதாவது ஏற்கெனவே கல்யாணம் ஆனவ, கிட்ட வராதேங்கிறா" என்று சிரித்தாள்.

"அது மட்டுமில்ல. காவிரி பல்லவனோட மனைவின்னா சோழநாடு யாரோடதுன்னு அர்த்தம்?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி தூணைப் பார்த்தாள். நாடு பிடித்தவன் அதைச் சாசன நடையில் சொல்லாமல் ஒரு குடும்பச் சண்டையாகச் சொல்லியிருக்கிறான். மத்தவிலாசப் பிரகசனம் என்ற கேலி நாடகம் எழுதியவனுக்கு இது கஷ்டமில்லை. வேறு நெறியிலிருந்து தன்னைத் திருப்பிக்கொண்டதையும் இதே இடத்தில் குறிப்பாகச் சொல்கிறான். அவன் முதலில் சமணன், பிறகு அப்பரால் சைவனானான் என்பது நம் மரபு.

இதே குடைவரையில் பின்னொரு காலத்தில் தமிழ் ஏறியது. வேம்பையர்கோன் நாராயணன் பாடிய சிராமலை அந்தாதியைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அரசன் வடமொழியில் எழுதிய சுவர்களுக்குப் பக்கத்தில் புலவர் ஒருவர் தமிழில் நூறு பாட்டுக்கு மேல் பாடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். விளக்குச் சரியாக இல்லாததால் எழுத்துகளைக் கைப்பேசி வெளிச்சத்தில் தேட வேண்டியிருந்தது. அவள் துறைப் புத்தி உடனே வேலை செய்தது. எண்ணெய்ப் புகை எங்கே படிந்திருக்கிறது, மின்கம்பி எந்தத் தூணில் ஓடுகிறது, எங்கே சுண்ணாம்பு அடித்துச் சுரண்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

*

மகேந்திரனுக்கு முன்னால் இந்த மலையில் இருந்தவர்கள் உச்சிப் பிள்ளையாருக்குப் பின்புறம், பாறைச் சரிவில் ஒதுங்கியிருக்கிறார்கள். அரசன் உளி வைத்த குகை கீழே. காற்றும் மழையும் அரித்துத் தானாக உண்டான குகை மேலே. உள்ளே சமணத் துறவிகளின் கற்படுக்கைகள். ஆள் நீளத்துக்குத் தளம் வழித்து, தலைமாட்டைச் சற்று உயர்த்தித் தலையணைபோல் செதுக்கியிருக்கிறார்கள். சிலவற்றில் படுத்தவர்களின் பெயர்கள்.

சின்ன வயதில் அப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கே அழைத்துப் போயிருக்கிறார். குனிந்து, பிறகு தவழ்ந்து உள்ளே போன ஞாபகம். படுத்துப் பார் என்றார். முதுகு சில்லிட்டது, வெளியே மரக்கடைப் பக்கத்து வண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இந்த முறை எங்களுக்கு அந்த வாய்ப்பில்லை. வழி பூட்டியிருந்தது. கால் வழுக்கினால் நேரே கீழே என்பதால் பூட்டியதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"எத்தனை பேர் இருந்திருப்பாங்க?" என்று கேட்டாள்.

படுக்கைகளை வைத்துப் பார்த்தால் ஒரு சிறு கூட்டம்தான். மழைக்காலத்தில் ஊர் ஊராக நடக்கக் கூடாது என்பது சமணத் துறவிகளின் விதி. அந்தச் சில மாதங்கள் ஒதுங்க இடம் வேண்டும். பிச்சைக்குப் பக்கத்தில் ஊர் வேண்டும். மதுரையைச் சுற்றிய மலைகளானாலும் சரி, புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்தன்னவாசலானாலும் சரி, கற்படுக்கை இருக்கிற இடத்துக்குக் கீழே ஒரு பழைய ஊரோ பெருவழியோ இருக்கும். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய தமிழ் எழுத்து, துறவிக்குப் படுக்கை செய்து கொடுத்தவர் பெயரைச் சொல்கிறது. படுத்தவர் துறந்தவர், செய்து கொடுத்தவர் ஊரில் குடும்பம் நடத்தியவர். குகை என்றால் தனிமை என்று நாம் நினைக்கிறோம். கீழே ஊர் இல்லாமல் மேலே துறவி இல்லை.

சரி, இந்த மலைக்குக் கீழே இருந்த ஊர் எது? உச்சியில் மேற்குப் பக்கம் திரும்பி நின்று காட்டினேன். கூரைகளும் தென்னைகளும் கைப்பேசிக் கோபுரங்களுமாகத் தெரிந்த அதுதான் உறையூர், முற்காலச் சோழர்களின் தலைநகர். வடக்கே திரும்பினால் காவிரி. தை மாதமாதலால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடியது. அதற்கப்பால் தோப்புகளுக்கு மேலே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம்.

இந்த மலையையும் அந்தக் கோபுரத்தையும் இணைக்கிற கதையைப் பிள்ளையார் சந்நிதியில் ஒரு தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். விபீஷணன் ரங்கநாதரை இலங்கைக்கு எடுத்துப் போகிற வழியில், சந்தியாவந்தனம் செய்ய ஒரு சிறுவனிடம் கொடுத்தான். சிறுவன் கீழே வைத்துவிட்டு மலை மேல் ஓடிவிட்டான். துரத்தி வந்த விபீஷணன் தலையில் குட்டினான். "அதான் பிள்ளையாருக்கு நெத்தில வீக்கம், பாரு" என்றார் தாத்தா. கடவுளையே இந்த ஊர் குடியமர்த்திவிட்டது, போக விடவில்லை. அக்கா மகள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

*

உறையூரில் பார்க்க ஒன்றுமில்லை என்று ஆட்டோக்காரர் முன்கூட்டியே எச்சரித்தார். ஒரு வகையில் உண்மை. கோட்டை இல்லை, அரண்மனை இல்லை. எல்லாம் மண்ணுக்கடியில், அதற்கு மேல் வீடுகள்.

ஆனால் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டினார்கள். தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், சக்கர வரி போட்ட ரௌலெட் மட்கலங்கள், செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி ஒன்று எல்லாம் கிடைத்தன. சாயத்தொட்டி ஏன் முக்கியம்? கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து கப்பல் விட்டுக்கொண்டிருந்த, பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எரித்திரேயக் கடல் பயண நூல் ஒன்றை எழுதினார். எந்தத் துறையில் என்ன வாங்கலாம் என்ற வியாபாரக் கையேடு அது. அதில் அர்கரு என்ற ஊரின் பெயரைத் தாங்கிய மெல்லிய துணி வருகிறது. அந்த அர்கருவை உறையூர் என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள்.

அக்கா மகள் தங்கியிருக்கும் கடற்கரைப் பக்கம் இந்த ஊர்த் துணியைக் கட்டிக்கொண்டு யாரோ நடந்திருக்கலாம். அதற்கு ஈடாக வந்த பொன்னும் இங்கே மண்ணுக்குள் இருந்தது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சி என்ற இடத்தில் ஒரே குவியலாக 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர்களின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு. நம் ஆட்களுக்கு வேண்டியிருந்தது தங்கம். ரோமாபுரி ராஜாவின் முகம் தேவைப்படவில்லை போலும்.

போனது துணி மட்டுமல்ல, ஆட்களும் போனார்கள். எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள குசெய்ர் அல்-கதீம் என்ற பழைய துறையில் கணன், சாதன் என்று தமிழ்ப் பிராமியில் பெயர் எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பின்னர் அதே இடத்தில் பானை உறி என்ற பொருள்படும் எழுத்துள்ள ஓடும் கிடைத்தது. அதைப் படித்துச் சொன்ன ஐராவதம் மகாதேவன் இந்தத் திருச்சிப் பக்கத்தில் பிறந்தவர்.

"அப்ப நான் முதல் ஆள் இல்லை" என்றாள். ஸ்காலர்ஷிப்பில் கடல் கடந்து போன எங்கள் குடும்பத்து முதல் பெண் அவள். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவோம். அந்தப் பெருமையை ஒரு பானை ஓடு குறைத்துவிட்டது.

தோண்டிய இடத்தைச் சொல்லும் பலகை எதையும் நாங்கள் நடந்த தெருக்களில் பார்க்கவில்லை. ஒரு சந்தில் தறிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தவர் நாடாவை நிறுத்தாமலே தலையசைத்தார். பருத்திச் சேலை, கரையில் சின்னப் பேட்டு. முன்னே தெரு முழுக்க இந்தச் சத்தம்தான், இப்போது எண்ணிவிடலாம், பையன்கள் யாரும் பள்ளத்தில் கால் வைக்க மாட்டேன் என்கிறார்கள் என்றார். இரண்டாயிரம் ஆண்டுத் தொழில் என்று நான் ஆரம்பித்தேன். "அதுக்கென்னம்மா, கூலி இந்த வருஷத்துக் கூலியா இருக்கணும்ல?" என்றார். அதற்குமேல் வரலாறு பேச எனக்கு வாய் வரவில்லை. ஆளுக்கொரு சேலை வாங்கிக்கொண்டோம்.

வெக்காளியம்மன் கோயிலில் உச்சி வெயில் நேரே அம்மன் மேல் விழுந்துகொண்டிருந்தது. கருவறைக்கு மேலே கூரை கிடையாது. உறையூர் ஒரு காலத்தில் மண்மாரியில் மூழ்கியது என்பது ஊர்க்கதை. மக்கள் வீடிழந்து இவளிடம் ஓடிவந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் வீடு கிடைக்கும்வரை எனக்கும் கூரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்னும் வெட்டவெளியிலேயே இருக்கிறாள். வேண்டுதலைத் தாளில் எழுதிச் சூலத்தில் கட்டுவது இங்கே வழக்கம். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் பேனா இரவல் கேட்டு வாங்கி எழுதினார். சொந்த வீடு வேண்டும் என்பதுதான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரே சொன்னார்: "வாடகை ஏத்திக்கிட்டே போறாங்க."

மத்தேராவில் அரசு சட்டம் போட்டு வீடு கொடுத்தது. பதிலுக்குப் பழைய ஊரை எடுத்துக்கொண்டது. இங்கே ஒரு தெய்வம் கூரையை விட்டுக்கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்கிறது. பாதுகாப்பு என்று அக்கா மகள் படிக்கிற படிப்பில் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பாடம் இருக்கிறது, குடியிருப்பவருக்கு என்ன பாடம் என்று ஆட்டோவில் வரும்போது கேட்டேன். கடைசி வருஷத்தில் ஒரு தாள் உண்டு என்றாள்.

*

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டினோம். ஸ்ரீரங்கத்தை வெளியூர்க்காரர்கள் கோயில் என்பார்கள். அது ஒரு நகரம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 156 ஏக்கர், ஏழு சுற்று மதில், 21 கோபுரங்கள். வெளிச் சுற்றுகளான அடையவளைந்தான், சித்திரை வீதி, உத்தர வீதி எல்லாம் ஜனங்கள் குடியிருக்கும் தெருக்கள். கோபுரத்தின் அடியில் ஸ்கூட்டர் போகும், பள்ளிக்கூட வேன் போகும், பூக்கூடை போகும். அதே வாயிலில் உற்சவரும் வருவார்.

தெற்கே நிற்கும் 236 அடி ராஜகோபுரம் என் தலைமுறைக்கு முன்னால் மொட்டையாக நின்றது. விஜயநகர ஆட்சியில் தொடங்கி நின்றுபோன வேலை அது. அகோபில மடத்தின் நாற்பத்து நான்காம் பட்டம் அழகிய சிங்கர் எடுத்து முடித்தார், 1987இல் குடமுழுக்கு. பழைய ஊர் என்றால் வேலை முடிந்த ஊர் என்று அர்த்தமில்லை. இங்கே நானூறு வருஷம் கழித்தும் சாரம் கட்டுவார்கள்.

உள்ளே சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களைப் பார்த்தோம். முன்னங்காலைத் தூக்கிப் பாயும் குதிரை, கீழே ஈட்டிக்காரன், புலி. அவள் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டாள். முஸ்லிம் இளவரசியாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியாருக்கு ரொட்டி நைவேத்தியம் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. பக்கத்திலிருந்த ஒருவர் தலையசைத்து உறுதி செய்தார்.

இந்த ஏழு மதிலும் உடைந்த காலம் ஒன்று உண்டு. 1311இல் மாலிக் கபூரின் படை வந்தது. 1323இல் டெல்லியிலிருந்து உலுக்கானின் படை. ‘கோயில் ஒழுகு’ என்ற கோயில் வரலாறும் குருபரம்பரைக் கதைகளும் அந்த நாட்களைச் சொல்கின்றன. மூலவருக்கு முன்னால் கல்லால் சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவர் அழகிய மணவாளரைப் பல்லக்கில் வைத்துக்கொண்டு தள்ளாத வயதில் வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடி என்ற ஊரில், இன்று கொடிக்குளம் என்பார்கள், ஒரு மலைக்குகையில் பெருமாளை ஒளித்து வைத்துக் காத்திருந்தார் என்பது மரபு. அங்கேயே அவர் ஆசாரியன் திருவடி அடைந்தார். பெருமாள் பிறகு எங்கெங்கோ அலைந்து, திருமலையிலும் இருந்து, விஜயநகரத் தளபதி கோபணார்யன் 1371இல் திரும்பக் கொண்டுவந்தபோதுதான் வீடு சேர்ந்தார்.

காலையிலிருந்து நாங்கள் குகையை ஒரு பக்கமும் நகரத்தை ஒரு பக்கமும் வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். கதையில் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று ஆள் மாதிரி. ஏழு மதில் காக்க முடியாமல் போனபோது ஒரு குகைதான் ரங்கநாதருக்கு வீடாயிற்று. பின்னால் மலைக்கோட்டைக்கு வந்த கதியும் தலைகீழாக இதுவே. 1751–52இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரில் ஸ்ரீரங்கம் கோயில் பாசறையானது. பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா இந்தத் தீவில்தான் சிக்கிச் சரணடைந்தார். மலையிலோ மண்டபத்தில் வெடிமருந்து அடுக்கினார்கள். 1772இல் அது வெடித்துச் சிதறியது. குடியிருப்பவன் கையிலிருந்து இடம் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு இடமும் சாட்சி.

*

மாலையில் உத்தர வீதியில் தோழியின் அம்மா வீட்டில் காபி. தைத் தேர் இந்த வீதிகளைச் சுற்றி முடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சக்கரத் தடம் தார் ரோட்டில் பதிந்திருந்தது.

"வாங்கோ, வாங்கோ. இதான் உங்க அக்கா பொண்ணா? உக்காரும்மா, ஊஞ்சல்ல உக்காரு."

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என ரயில் பெட்டி போல நீண்ட வீடு. அக்கா மகளுக்குக் கண் விரிந்துவிட்டது. மெட்ராஸ் டெரஸ் கூரையின் கட்டைகளை அண்ணாந்து பார்த்தாள், முற்றத்துத் தூணைத் தட்டிப் பார்த்தாள். மாமி, இந்த வீட்டை மாற்றாமல் இப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இதெல்லாம் இனி கிடைக்காது என்று உருகினாள்.

மாமி டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டார். "இப்படியேன்னா, ஐப்பசி மழைக்கு ஒழுகறதையும் சேர்த்தா?"

பிறகு கணக்குச் சொன்னார். கட்டை மாற்ற ஆளில்லை. ஆள் கிடைத்தால் தேக்கு விலை. மேலே கட்டக் கோயிலைச் சுற்றிக் கட்டுப்பாடு. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வீட்டைக் கேட்டு மாதத்துக்கு ஒருவர் வருகிறார், லாட்ஜ் கட்டத்தானாம். "நான் இருக்கற வரைக்கும் கொடுக்கப் போறதில்ல. பெருமாள் வாசல்ல வர்றச்சே தேங்கா உடைக்க ஆள் வேணாமா?"

அவள் குறிப்பேட்டை எடுத்தாள். இந்த முறை விரிசலையும் புகையையும் எழுதவில்லை. ஒரு சதுர அடி கூரைக்குக் கட்டை எவ்வளவு, கொத்தனார் எங்கே கிடைப்பார், கடைசியாகச் சுண்ணாம்புச் சாந்து அரைத்தது எப்போது என்று மாமியைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். மாமிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் எந்த அளவில் சேர்ப்பார்கள் என்று அவர் மாமனார் காலத்து ஞாபகத்திலிருந்து சொன்னார். ரயிலுக்கு நேரமாகிறது என்று நான்தான் இருவரையும் பிரித்தேன்.

ஸ்ரீரங்கம் கோயிலின் சீரமைப்புப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது, எல்லோருக்கும் பெருமை. கோயிலுக்கு அறநிலையத் துறை உண்டு, குடைவரைக்குத் தொல்லியல் துறை உண்டு. நடுவில் இருக்கிற தெருக்காரர்களுக்குத்தான் துறை இல்லை. கீழ்க் குடைவரைக்கு எதிரே வடகம் காய வைக்கிறவர், குழித்தறியில் இருக்கிறவர், சூலத்தில் தாள் கட்டியவர், ஒழுகும் கூரைக்குக் கீழே காபி ஆற்றுகிற மாமி ஆகிய இவர்கள் தங்களுக்குக் கட்டுப்படியாகிற விதத்தில் இங்கே இருக்க முடிந்தால் ஒழிய, திருச்சியும் இன்னொரு மத்தேரா ஆகும். சட்டம் போட்டு யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. வாடகையும் கட்டை விலையுமே அந்த வேலையைச் செய்துவிடும். மானியம் கொடுத்தால் கூரை நிற்கும், தறிக்கு நியாயமான கூலி கொடுத்தால் தறி ஓடும். இரண்டும் விருது வாங்குவதைவிடச் சில்லறைச் செலவு.

அக்கா மகள் தன் கடைசி வருஷத் தாளுக்கு மத்தேராவை எடுப்பதாக முதலில் சொல்லியிருந்தாள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு தலைப்பை மாற்றிவிட்டாள்: உத்தர வீதி வீடுகளின் கூரையைக் குறைந்த செலவில் பழுது பார்க்கும் முறை. சுண்ணாம்புச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்களின் பட்டியலை நான் இங்கிருந்து தேடி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.